சட்ட உதவிக்கான அரச நிதி: வரவு செலவுத் திட்டத்துக்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி – தென்மராட்சிச் செயலாளர்

வணக்கம். தென்மராட்சியில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். வசதியற்றவர்களுக்கான சட்ட உதவிக்கு அரசாங்கம் ஒதுக்கும் நிதியைக் கூட்டும்படி கோரி, வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னதாக நீதி அமைச்சுக்கும் எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு மகஜர் அனுப்புவதெனக் கடந்த கூட்டத்தில் தீர்மானித்தோம். எதை முதன்மையாகக் கேட்பது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. ஆகவே விடயம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

இந்தத் தீர்மானத்துக்குக் காரணம் எங்கள் ஊர்ப் பெண் ஒருவரின் தாபரிப்பு வழக்கு. அவருக்குத் துணையாக நானும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்தபடி காலை முதல் வாங்கில் இருந்தார். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனார். கணவரின் சட்டத்தரணி எழுந்து, தமது கட்சிக்காரரின் வருமானம் பற்றிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கக் கால அவகாசம் வேண்டும் என்றார். ஆட்சேபம் உண்டா என்று நீதவான் கேட்டதற்கு இவர் "இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கான பணம் மாதக்கணக்காக வரவில்லை என்பதையும், கணவர் நிரந்தரச் சம்பளத்தில் இருக்கிறார் என்பதையும் அந்த இடத்தில் சொல்லலாம் என்றே அவருக்குத் தெரியாது. வழக்கு அடுத்த தவணைக்குப் போடப்பட்டது. அன்றைய நாட்கூலியும் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் ஒருவர் சொல்லி அறிந்தோம்.

கூட்டத்தில் இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. 2022 ஆம் ஆண்டில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமற் போன நாட்டில், ஆசுபத்திரிக்கு மருந்து வாங்கவே காசு போதாதபோது சட்டத்தரணிமாருக்குக் கொடுக்கக் கேட்பது நியாயமா என்றார் ஒருவர். குற்றம் செய்தவனுக்கும் எங்கள் வரிப்பணத்தில் சட்டத்தரணி வைக்க வேண்டுமா என்றார் இன்னொருவர். இருவருமே நல்ல மனம் உள்ளவர்கள். அவர்களுக்குப் பொருத்தமான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. என்ன பதில் சொல்வது, மகஜரில் எதை முதலில் வைப்பது?

பதில் – யாழ். சட்டத்தரணி

சகோதரிக்கு வணக்கம். யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றங்களில் தொழில் செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சட்ட உதவி என்பது அரசாங்கம் மனமிரங்கிக் கொடுக்கும் தருமம் என்ற எண்ணம் எங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை, குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் நேரடியாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விளக்கத்தில் கேட்கப்படுவதற்கு உரித்துடையவர் என்று சொல்கிறதே தவிர, அந்தச் சட்டத்தரணிக்கு யார் பணம் கொடுப்பது என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்குப் பயன்கொடுப்பதற்கென இயற்றப்பட்ட 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். நீதியின் நலன் வேண்டிநிற்கும் வழக்குகளில், போதிய வசதியில்லாத குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி ஒதுக்கப்பட வேண்டும் என்று அதன் 4 ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே உங்கள் மகஜர், பாராளுமன்றம் தானே இயற்றிய சட்டத்தை நிறைவேற்றப் பணம் ஒதுக்கும்படி கேட்கிறது. இதை முதற் பந்தியிலேயே எழுதுங்கள்.

இனி, உதவி எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைப்பதில்லை என்பதைப் பார்ப்போம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 195 ஆம் பிரிவின்படி, மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் கையளிக்கப்படும்போது எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, சட்டத்தரணி இல்லையென்றால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நீதவான் நீதிமன்றத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் சாதாரண மனிதன் ஒருவன் குற்றவியல் நீதியை முதன்முதலாகச் சந்திப்பது பொலிஸ் நிலையத்திலும் நீதவான் நீதிமன்றத்திலும்தான். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரர் சார்பில் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012 ஆம் ஆண்டில் விதிகளே வர்த்தமானியில் வந்துவிட்டன. காசுள்ளவருக்கு அவை பயன்படுகின்றன, இல்லாதவருக்கு அங்கே வந்து நிற்க ஒருவரும் இல்லை.

அந்த முதல் நாளில் என்ன நடக்கிறது என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கூலித் தொழிலாளி ஒருவரைச் சிறு குற்றச்சாட்டொன்றில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவருக்கு நிரந்தர முகவரி உண்டு, முன்குற்றம் எதுவும் இல்லை, பிணை நிற்க அண்ணன் வெளி வாசலிலேயே நிற்கிறார். இந்த மூன்றையும் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் அன்றே பிணையில் போகக்கூடியவர், சொல்ல ஆளில்லாததால் விளக்கமறியலுக்குப் போகிறார். இலங்கைச் சிறைகளில் எந்த நாளை எடுத்துப் பார்த்தாலும், தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம். அவர்களுக்கு உணவு கொடுப்பதும், ஒவ்வொரு தவணைக்கும் பேருந்தில் ஏற்றி உத்தியோகத்தர்களுடன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோவதும் அரச செலவிலேயே. மருந்துக்குக் காசில்லை என்று சொன்ன உங்கள் அங்கத்தவரிடம் இதைச் சொல்லுங்கள். முதல் நாளில் ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்காத பணத்தை, திறைசேரி சிறைச்சாலை வழியாகக் கொடுத்துக்கொண்டேயிருக்கிறது.

குற்றவாளிக்கு ஏன் என்று கேட்டவருக்குச் சொல்ல வேண்டியதை எங்கள் மண்ணே சொல்லும். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பு எதிரியின் தலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படி நின்ற எத்தனை பிள்ளைகளின் தாய்மார், சட்டத்தரணி தேடி நகைகளை அடகு வைத்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று தீர்ப்பதற்கு முன்பே அழைக்கும் பழக்கத்தை நாங்களாவது விட்டுவிட வேண்டும்.

குடியியல் வழக்குகளை மறந்துவிடாதீர்கள். உங்கள் சங்கத்துப் பெண்களுக்கு அவையே பெரிதாக இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் பெயரில் உள்ள சீதனக் காணியையே கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், அல்லது கைவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். போரில் கணவரை இழந்து, அவர் இறந்தார் என்று பதியவும் மனமில்லாமல் இருக்கும் பெண், மகளின் படிப்புக்காகத் தன் சொந்தக் காணியில் ஒரு துண்டை விற்பதற்குச் சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் தேட வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது வேறு விவாதம். திருத்தும் வரையிலாவது இந்த மனுக்களைச் சட்ட உதவியில் எடுக்க வேண்டும்.

கடைசியாக, நிதியின் தன்மை. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டம் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் சட்டத்தரணிகளில் அர்ப்பணிப்போடு உழைக்கும் பலரை நான் அறிவேன். ஆனால் வடக்கில் நடந்த நடமாடும் சேவைகளும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் பெரும்பாலும் வெளிநாட்டு உதவித் திட்டங்களின் காசில் நடந்தவை. திட்டம் முடிந்தால் சேவையும் முடிந்துவிடும். ஆகவே தொகையைக் கூட்டுங்கள் என்று மட்டும் கேட்காமல், நீதவான் நீதிமன்றம் ஒவ்வொன்றிலும் நாளாந்தம் ஒரு கடமைச் சட்டத்தரணி, அதாவது சட்டத்தரணி இல்லாமல் வருபவர்களுக்காக எழுந்து பேசுபவர், இருப்பதற்கான செலவைத் திறைசேரியின் நிரந்தர ஒதுக்கீட்டில் தனித் தலைப்பாகச் சேர்க்கும்படி கேளுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற பதிவாளர்

தங்கைக்கும் சட்டத்தரணி அவர்களுக்கும் வணக்கம். நீதிமன்றப் பதிவாளராக நீண்ட காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். மேலே சொல்லப்பட்டவற்றோடு எனக்கு அடிப்படையில் முரண்பாடில்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கில் முரண்பாடு உண்டு.

நீதிமன்றத்தையே முதலில் சீர்ப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. இங்கே ஒரு பாகப்பிரிவினை வழக்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பங்காளிகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் பிரான்சில், ஒருவர் இறந்து அவருடைய வாரிசுகள் மூன்று நாடுகளில். ஒவ்வொருவருக்கும் அறிவித்தல் சேர்ப்பிக்க வேண்டும்; நில அளவையாளர் வர வேண்டும்; இடையில் இன்னொரு பங்காளி இறந்தால் மீண்டும் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தகப்பன் போட்ட வழக்கில் மகன் சாட்சி சொல்வதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். சுருக்கெழுத்தாளர் ஒருவர் விடுமுறையில் நின்றால் அன்றைய விளக்கமே தள்ளிப்போகும். உரைபெயர்ப்பாளர் வெற்றிடம் நிரப்பப்படாமல் இருந்தால், சிங்களத்தில் எழுதப்பட்ட வைத்திய அறிக்கையோ பொலிஸ் குறிப்போ உள்ள வழக்கு அப்படியே கிடக்கும். இப்படி இழுபடும் நீதிமன்றத்துக்குள், அரச செலவில் மேலும் சட்டத்தரணிகளைக் கொண்டுவந்து நிறுத்தினால், அரச செலவிலேயே மேலும் தவணைகள் வாங்கப்படும். தவணைக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடும் முறை எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஆபத்து அதிலேயே இருக்கிறது.

பணம் குறைவாக இருக்கும்போது, முதற் பணம் சுருக்கெழுத்தாளருக்கும் உரைபெயர்ப்பாளருக்கும் நீதிபதிகளின் எண்ணிக்கைக்கும் போகட்டும். அதனால் பயன் பெறுவோர் ஏழைகளும்தான். சட்டத்தரணி வைத்திருப்பவரைவிட, நாட்கூலியை இழந்து வருபவருக்கே ஒவ்வொரு தவணையும் வலிக்கிறது.

பதில் – ஸ்காபரோவிலிருந்து

வணக்கம். சாவகச்சேரி என் பிறந்த ஊர். இப்போது கனடாவில் ஒரு சமூக சட்ட நிலையத்தில் பணியாற்றுகிறேன். பணமில்லை என்ற காரணம் பணக்கார நாடுகளிலும் சொல்லப்பட்டது என்பதால், அங்கே நடந்ததைக் கேட்பது பயன்படும்.

ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாத வரவு செலவுத் திட்டத்தில் சட்ட உதவிக்கான தன் நிதியை ஏறத்தாழ 30 வீதத்தால், அதாவது 133 மில்லியன் டொலரால் குறைத்தது. அகதி, குடிவரவு வழக்குகளுக்கு மாகாணப் பணத்தைச் செலவிடக்கூடாது என்றும் சொல்லப்பட்டது. எங்கள் சனங்களில் எத்தனை குடும்பங்கள் அந்தச் சட்ட உதவிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அகதி விசாரணைக்குப் போய் இந்த நாட்டில் நிலைபெற்றன என்பதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு மத்திய அரசாங்கம் பணம் கொடுத்துத்தான் அகதி வழக்குகள் காப்பாற்றப்பட்டன. ஓர் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தால் இல்லாமற் போகக்கூடிய உரிமை எவ்வளவு உறுதியற்றது என்பதை அப்போது நேரில் கண்டேன். நிரந்தர ஒதுக்கீடு பற்றிச் சட்டத்தரணி ஐயா எழுதியதை அதனால்தான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பதிவாளர் ஐயாவுக்கு இங்கிலாந்தின் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே 2012 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, பெரும்பாலான குடும்ப வழக்குகளையும் கடன், சமூகநலக் கொடுப்பனவு போன்ற விடயங்களையும் சட்ட உதவியிலிருந்து நீக்கியது. சட்டத்தரணிகள் குறைந்தால் வழக்குகள் குறையும், மக்கள் மத்தியஸ்தத்தை நாடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது எதிர்மாறு. இருதரப்பிலும் சட்டத்தரணி இல்லாத குடும்ப வழக்குகள் பெருகின. நீதிபதிகளே கட்சிக்காரர்களுக்கு நடைமுறையை விளங்கப்படுத்த வேண்டியிருந்ததால் நேரம் கூடியது. மத்தியஸ்தத்துக்கு வருவோரின் தொகையோ கூடுவதற்குப் பதிலாகச் சரிந்தது. மக்களை மத்தியஸ்தத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களே அந்தச் சட்டத்தரணிகள்தான் என்பதை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

ஊரில் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன, அவற்றில் சட்டத்தரணி தோன்ற முடியாது, ஆகவே சட்ட உதவி தேவையில்லை என்று உங்களிடம் யாராவது வாதிடக்கூடும். சபைக்குப் போவதற்கு முன்னரே தன் உரிமை எது என்று அறிந்து போகும் பெண்ணும், எதுவும் தெரியாமல் போகும் பெண்ணும் ஒரே இணக்கத்துக்கு வரமாட்டார்கள்.

பதில் – தென்மராட்சிச் செயலாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்து நேற்றுக் கூட்டத்தில் வாசித்தோம். மருந்து பற்றிக் கேட்டவர் விளக்கமறியல் செலவு பற்றிய பகுதியை மீண்டும் வாசிக்கச் சொன்னார். மற்றவர் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. எனினும் மகஜரில் கையொப்பமிடச் சம்மதித்திருக்கிறார்.

பதிவாளர் ஐயாவின் கருத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர் வெற்றிடங்களை நிரப்புவது இரண்டாவது கோரிக்கையாகச் சேர்க்கப்படுகிறது. கடமைச் சட்டத்தரணி முதலாவதாகவே இருக்கும். அன்று எங்கள் ஊர்ப் பெண்ணிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்கப்பட்ட அந்தக் கணத்தில், சுருக்கெழுத்தாளரும் இருந்தார், நீதவானும் இருந்தார், இல்லாதவர் சட்டத்தரணி மட்டுமே.

இன்னுமொரு கேள்வி. அடிப்படை உரிமை மீறல் வழக்குக்குக் கொழும்புக்கே போக வேண்டும் என்கிறார்கள். அதற்கான செலவையும் இந்த மகஜரில் கேட்பது பொருத்தமா?

பதில் – யாழ். சட்டத்தரணி

பொருத்தம் மட்டுமல்ல, அவசியம். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அந்த மனுவை நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்திலேயே, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இங்கே தமிழில் எடுத்த சத்தியக்கடதாசிகளும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் மொழிபெயர்க்கப்பட்டு, கொழும்பில் ஒரு சட்டத்தரணியின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே மாதத்தின் பெரும்பகுதி போய்விடும்.

இப்போதைக்கு உங்கள் அங்கத்தவர்கள் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. வசதியற்றவர் எழுதும் சாதாரண மனுவையும் உயர் நீதிமன்றம் ஏற்றுக் கவனிப்பதற்கு 1990 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளில் இடமுண்டு. அத்துடன், அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. முறைப்பாடு கொடுத்த திகதியைக் காட்டும் பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலக்கெடு எங்கள் மக்களை எப்படி வஞ்சிக்கிறது என்பதற்கு மகஜரில் ஓர் எடுத்துக்காட்டுத் தேவையென்றால் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டத்தைச் சொல்லலாம். போர்க்காலத்தில் நீதிமன்றத்தை நாட முடியாமற் போனவர்கள், தங்கள் காணியில் வேறொருவர் நீண்டகாலம் இருந்ததைக் காட்டி ஆட்சியுரிமை கோருவதை எதிர்ப்பதற்கு அது இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் 2018 இல் முடிந்த பின்னர் காணி உறுதியோடு என்னிடம் வந்தவர்களுக்கு, அப்படி ஒரு சட்டம் இருந்ததையே நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே மூன்றாவது கோரிக்கையாக இப்படி எழுதுங்கள்: வடக்கு, கிழக்கிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகும் சட்ட உதவி வழக்குகளில், ஆவணங்களின் மொழிபெயர்ப்புச் செலவும் மனுதாரரின் போக்குவரத்துச் செலவும் சட்ட உதவியின் பகுதியாகவே ஏற்கப்பட்டு, அதற்கான தொகை தனியாக ஒதுக்கப்பட வேண்டும். வரைபு முடிந்ததும் இங்கே பதிவிடுங்கள். பிரிவு இலக்கங்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.